17 கேள்விகள் பொருந்தவில்லை என்று வந்தால் எடுத்துவிடலாமா?

கேட்கப்பட்ட விஷயம் இதுதான். எட்டாம் வகுப்புக் கணக்குத் தேர்வு ஒன்று, 40 கேள்விகள், எல்லாமே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகை, எழுதியவர்கள் 800 மாணவர்கள். அந்தத் தரவில் ராஷ் மாடலை (விடைகளை வைத்து மாணவர் திறனையும் கேள்விக் கடினத்தையும் கணிக்கும் கணித மாடல்) பொருத்திப் பார்த்தபோது 17 கேள்விகளுக்குக் கை-வர்க்கச் சோதனையின் (மாடல் எதிர்பார்த்ததும் தரவில் வந்ததும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் chi-square) பி மதிப்பு 0.05-க்குக் கீழே, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத அளவுக்கு வந்திருக்கிறது. "அந்த 17-ஐயும் எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள், எல்லாம் பொருந்தும் வரைக்கும் இப்படியே செய்யுங்கள்" என்று கைடு சொல்லியிருக்கிறார். அப்படிச் செய்யலாமா, 'மாடல் பொருந்துகிறது' என்று ஆய்வேட்டில் எழுத எந்த எண்ணைக் காட்டுவது என்று கேட்கிறீர்கள்.

எடுக்காதீர்கள். அந்த 17-இல் நான்கைந்து கேள்விகள் நிஜமாகவே பழுதானவையாக இருக்கலாம், மற்றவற்றில் ஒரு குறையும் இல்லாமல் இருக்கலாம், ஏன் பொருந்தவில்லை என்று பார்க்காமல் கை வைத்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். 800 பேர் எழுதிய எந்தத் தேர்விலும் எந்த மாடலும் எங்கேயாவது பிசகத்தான் செய்யும். எங்கே பிசகுகிறது, எவ்வளவு பிசகுகிறது, அந்தப் பிசகால் மதிப்பெண்ணை வைத்து நீங்கள் எடுக்கப்போகும் முடிவு மாறுமா என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்றாவதைப் பெரும்பாலான ஆய்வேடுகளில் தேடினாலும் கிடைக்காது. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

மாடல் என்ன சொல்கிறது என்பதை ஒருமுறை நேராக வைத்துக்கொள்வோம். டென்மார்க் கணிதவியலாளர் ஜார்ஜ் ராஷ் 1960-இல் புத்தகமாக வெளியிட்ட மாடல் மிக எளிமையானது: ஒரு மாணவர் ஒரு கேள்விக்குச் சரியாக விடை சொல்லும் வாய்ப்பு அவருடைய திறனுக்கும் அந்தக் கேள்வியின் கடினத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பொறுத்தது. இரண்டும் சமம் என்றால் வாய்ப்பு பாதிக்குப் பாதி. திறன் கூடக் கூட வாய்ப்பு எஸ் வடிவ வளைகோட்டில் ஏறும், எல்லாக் கேள்விகளுக்கும் அந்தக் கோட்டின் சாய்வு ஒன்றே, கோடு நிற்கும் இடம் மட்டும் வேறு. லார்டும் நோவிக்கும் 1968-இல் வெளியிட்ட புத்தகத்தில் ஆலன் பிர்ன்பாம் எழுதிய அத்தியாயங்கள்தான் கேள்விக்குக் கேள்வி சாய்வு மாறலாம் என்கிற இரு-அளவுரு மாடலையும், ஒன்றுமே தெரியாதவரும் குருட்டாம்போக்கில் சரியாகப் போட்டுவிடுவார் என்பதற்கு இடம் கொடுக்கிற மூன்று-அளவுரு மாடலையும் கொண்டுவந்தன.

ஆக 'ராஷ் பொருந்துகிறது' என்று எழுதும்போது ஒரே வாக்கியத்தில் பல விஷயங்களுக்கு உத்தரவாதம் கொடுக்கிறீர்கள். தேர்வு ஒரே ஒரு திறனை அளக்கிறது. அந்தத் திறனைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகு ஒரு கேள்வியின் விடைக்கும் இன்னொன்றின் விடைக்கும் தொடர்பு இல்லை. எல்லாக் கேள்விகளும் மாணவர்களை ஒரே கூர்மையோடு பிரிக்கின்றன. யாரும் ஊகித்து எழுதவில்லை. பையன், பெண், நகரம், கிராமம் என்று யாராக இருந்தாலும் அதே கடினம்தான். இதில் எது உடைந்தாலும் கை-வர்க்கம் கத்தும். எது உடைந்தது என்று மட்டும் அது சொல்லாது.

எண்களோடு பார்த்தால்தான் இது பிடிபடும். இந்தத் துறையில் எல்லோரும் எடுத்துப் பார்க்கும் ஒரு சின்னத் தரவு இருக்கிறது: அமெரிக்காவில் சட்டப் படிப்புக்கு நடக்கும் எல்சாட் நுழைவுத் தேர்வின் ஆறாம் பகுதியிலிருந்து 5 கேள்விகள், 1000 பேர். டாரல் பாக், மார்கஸ் லீபர்மன் இருவரும் 1970-இல் இதை வைத்து எழுதினார்கள். ஆர் மென்பொருளில் எல்டிஎம் தொகுப்பை நிறுவினால் கூடவே வந்துவிடும். ஐந்து கேள்விகளுக்கும் சரியாக விடை சொன்னவர்கள் முறையே 924, 709, 553, 763, 870 பேர். மூன்றாவதுதான் இருப்பதிலேயே கஷ்டமானது.

ராஷ் மாடலில் ஒரு வசதி உண்டு. மொத்த மதிப்பெண் தெரிந்துவிட்டால் திறனைப் பற்றி அந்த விடைத்தாளில் இருக்கும் தகவல் எல்லாம் வந்துவிட்டது, எந்தெந்தக் கேள்வி சரி என்பது கூடுதலாக எதையும் சொல்லாது. அதனால் ஒரே மதிப்பெண் வாங்கியவர்களை ஒன்றாகச் சேர்த்து, அந்தக் கூட்டத்தில் மூன்றாம் கேள்வியைச் சரியாகப் போட்டவர்கள் எத்தனை பேர் இருக்க வேண்டும் என்று மாடலிடமே கேட்கலாம். மொத்தம் 1 வாங்கியவர்கள் 20 பேர். அவர்களில் ஏறத்தாழ 0.8 பேர் மூன்றாம் கேள்வியைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும் என்கிறது மாடல், தரவில் 1. மொத்தம் 2 வாங்கியவர்கள் 85 பேர். மாடல் 10 என்கிறது, தரவில் 7. மொத்தம் 3 வாங்கிய 237 பேரில் மாடல் 61 அல்லது 62, தரவில் 63. மொத்தம் 4 வாங்கிய 357 பேரில் மாடல் 183, தரவில் 184. பூஜ்யம் வாங்கிய 3 பேரும் ஐந்துக்கு ஐந்து வாங்கிய 298 பேரும் இந்தக் கணக்கில் எதுவும் சொல்லமாட்டார்கள், ஒருவர் எல்லாம் தப்பு, ஒருவர் எல்லாம் சரி.

இதைவிட ஒட்டி வர முடியாது. இரு-அளவுரு மாடலுக்குப் போய் நான்கு அளவுருக்களைக் கூடுதலாகக் கொடுத்தாலும், தரவோடு மாடல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று காட்டும் லாக்-லைக்லிஹுட் −2466.94-இலிருந்து −2466.65-க்குத்தான் நகர்கிறது. அந்த வித்தியாசத்தின் இரட்டிப்பு 0.6-ஐக்கூடத் தொடவில்லை, நான்கு அளவுருக்களுக்கு இது ஒன்றுமே இல்லை. ராஷ் பொருந்துகிறது, சந்தேகமே வேண்டாம்.

சரி, இந்த ஐந்து கேள்விகள் நல்ல தேர்வா? இதே தரவில் தேர்வின் நம்பகத்தன்மையைக் காட்டும் க்ரோன்பாக் ஆல்ஃபா 0.295. வகுப்புத் தேர்வில் 0.7 வரவில்லை என்றாலே முகம் சுளிப்பவர்கள் நாம். மாடல் கச்சிதமாகப் பொருந்துகிறது, தேர்வோ யார் கெட்டிக்காரர் என்று சொல்ல லாயக்கில்லாதது. உங்கள் கைடு சொல்கிற மாதிரி 17-ஐ எடுத்து, பிறகு இன்னொரு 5-ஐ எடுத்து, எல்லாக் கை-வர்க்கமும் வாயை மூடும் வரை போனால் நீங்கள் போய்ச் சேரும் இடமும் இப்படித்தான் இருக்கக்கூடும். கேள்வி குறையக் குறைய நம்பகத்தன்மை இறங்கும். எல்லாம் பொருந்தும் என்பதற்காகச் சந்தோஷப்படலாம், அளப்பதற்கு மிச்சம் எதுவும் இருக்காது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. எடுக்கப்பட்டவற்றில் பாதி வடிவியல் கேள்விகளாக இருந்தால் உங்கள் 'கணிதத் திறன்' சத்தமில்லாமல் 'எண்கணிதத் திறன்' ஆகிவிடும், ஆய்வேட்டின் தலைப்பு மட்டும் பழையபடியே இருக்கும்.

கைடு சொன்னதற்கு ஒரு பின்னணி உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். ராஷ் வழியில் வந்தவர்கள், முக்கியமாகச் சிகாகோவில் பெஞ்சமின் ரைட்டிடம் பயின்றவர்கள், மாடலை ஒரு அளவுகோலாகப் பார்க்கிறார்கள்: பொருந்தாத கேள்வியில்தான் கோளாறு, மாடலை மாற்றக் கூடாது. மறுதரப்பு, தரவுக்கு ஏற்ற மாடலைத் தேடு, சாய்வு மாறுகிறது என்றால் இரு-அளவுருவுக்குப் போ என்கிறது. இந்தச் சண்டை அரை நூற்றாண்டாக நடக்கிறது, நம் காலத்தில் தீராது. ஆனால் ரைட் தரப்பிலும் பி மதிப்பைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு எடு என்று யாரும் சொல்லவில்லை. கேள்வியைப் படித்துப் பார், ஏன் என்று கண்டுபிடி, பிறகு முடிவு செய் என்பதுதான் அங்கேயும்.

இப்போது உங்கள் 17-க்கு வருவோம். 40 சோதனைகளை 0.05 அளவில் ஓட்டினால், எல்லாமே ஒழுங்காக இருந்தாலும் சராசரியாக 2 கேள்விகள் சும்மாவே மாட்டும். அதைக் கழித்தாலும் 15 மிச்சம். அடுத்து, உங்கள் மென்பொருள் தருவது எந்தக் கை-வர்க்கம் என்று கையேட்டைத் திறந்து பாருங்கள், இதைப் பலரும் பார்ப்பதில்லை. பழைய வகை, வெண்டி யென் 1981-இல் ஆராய்ந்த கியூ1 போன்றவை, மாணவர்களை மாடல் கணித்த திறனை வைத்துப் பத்துப் பிரிவாகப் பிரித்துக்கொண்டு ஒப்பிடும். எந்த மாடலைச் சோதிக்கிறோமோ அதே மாடல் கொடுத்த திறனை வைத்தே பிரிக்கிறோம், அந்தத் திறனிலும் பிழை இருக்கிறது, அதனால் அந்த எண் சொல்லிக்கொள்கிற கை-வர்க்கப் பரவலை ஒழுங்காகப் பின்பற்றுவதில்லை, குறைவான கேள்விகள் உள்ள தேர்வில் நல்ல கேள்வியையும் அநியாயத்துக்கு மாட்டிவிடும். மரியா ஒர்லாண்டோவும் டேவிட் திஸ்ஸனும் 2000-இல் கொண்டுவந்த எஸ்-எக்ஸ்2 இந்தச் சிக்கலைத் தவிர்க்கிறது. மேலே எல்சாட் கேள்வியில் நான் செய்துகாட்டிய அதே பிரிப்பு, அதாவது மொத்த மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பதுதான் அதன் அடிப்படை. உங்கள் தரவில் அதை ஓட்டினாலே 17 என்பது குறைய வாய்ப்பிருக்கிறது. அப்புறமும் ஒன்று: மாணவர்கள் 8000 ஆனால் கண்ணுக்கே தெரியாத பிசகும் 0.001-க்குக் கீழே போய்விடும், 80 ஆனால் பெரிய ஓட்டையும் தப்பிவிடும். பி மதிப்பு பிசகு எவ்வளவு பெரியது என்று சொல்வதில்லை, உங்களிடம் எவ்வளவு தரவு இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறது.

ராஷ் மென்பொருள்கள் கூடவே, ஒரு கேள்வியின் விடைகள் மாடலிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்று காட்ட இன்ஃபிட், அவுட்ஃபிட் என்று இரண்டு எண்களைத் தரும், எதிர்பார்ப்பு 1. 0.7-இலிருந்து 1.3 வரை சரி என்று எல்லோரும் ஒரே விதியை எழுதுகிறார்கள், 100 பேர் எழுதினாலும் 10,000 பேர் எழுதினாலும் அதேதான். அது சரியில்லை. மாணவர் எண்ணிக்கையை ஒட்டி எல்லை வைக்கச் சொல்லும் ஒரு பரிந்துரை இருக்கிறது: இன்ஃபிட்டுக்கு 1-இலிருந்து இருபுறமும் 2-ஐ மாணவர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்த அளவு, அவுட்ஃபிட்டுக்கு 2-க்குப் பதில் 6. உங்கள் 800-க்கு இன்ஃபிட் 0.93 முதல் 1.07, அவுட்ஃபிட் 0.79 முதல் 1.21. இதையும் வேதவாக்காக எடுக்க வேண்டாம், ஆனால் 1.25 இன்ஃபிட் வந்த கேள்வியை 'சரி' என்று தள்ளிவிடாமல் இருக்க உதவும்.

இந்த இரண்டு எண்களும் எங்கே வேறுபடுகின்றன என்று தெரிந்தால் உங்கள் தேர்வைப் பற்றி நிறையவே புரியும். ஒரு மாணவரின் திறன் ஒரு கேள்வியின் கடினத்தைவிட 3 லாஜிட் (திறனையும் கடினத்தையும் மாடல் அளக்கும் அலகு) கீழே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ராஷ் கணக்கில் அவர் சரியாகப் போடும் வாய்ப்பு 5 சதவீதத்துக்கும் குறைவு. ஆனால் உங்கள் கேள்வியில் நான்கு விடைகள் இருக்கின்றன, கண்ணை மூடிக்கொண்டு சி-யைக் கறுப்பாக்கினாலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. அப்படி ஒரு மாணவர் சரியாகப் போட்டுவிட்டால் அவருடைய தரப்படுத்திய எச்சத்தின் (வந்த விடைக்கும் மாடல் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தின்) வர்க்கம் ஏறத்தாழ 20. அவுட்ஃபிட் என்பது இந்த வர்க்கங்களின் சாதா சராசரி, எதிர்பார்ப்பு 1 இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஆள் 20-ஐக் கொண்டுவந்து கொட்டுகிறார். இன்ஃபிட் இதே ஆளுக்கு மிகக் குறைந்த எடை கொடுப்பதால் அசையாது. ஆக, கஷ்டமான கேள்விகளில் மட்டும் அவுட்ஃபிட் எகிறி, இன்ஃபிட் அமைதியாக இருந்தால் அது ஊகம். கேள்வியில் குற்றம் இல்லை, நான்கு விடை வகைத் தேர்வுக்கு ஊகமே இல்லை என்கிற மாடலைப் போட்டதுதான் காரணம். மூன்று-அளவுரு மாடலுக்குப் போகலாம், ஆனால் 800 பேரை வைத்து 40 ஊக அளவுருக்களைக் கணிப்பது தள்ளாட்டமாகத்தான் இருக்கும். எளிய கேள்விகளில் அடிமட்டத்தில் ஆளே இருக்கமாட்டார்கள், அந்தத் தரையை எதை வைத்துக் கணிப்பது? எல்லாக் கேள்விக்கும் சேர்த்து ஒரே ஊக அளவு என்று கட்டுப்படுத்திப் பாருங்கள், அது பெரும்பாலும் போதும்.

எண்களை ஓரமாக வைத்துவிட்டு அந்த 17-க்கும் வளைகோட்டை வரைந்து பாருங்கள். மாடல் சொல்லும் கோடு, அதன்மேல் மதிப்பெண் குழுக்களின் நிஜ விகிதங்கள் புள்ளிகளாக. இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும், பத்துப் பக்க அட்டவணையைவிட அதிகம் சொல்லும். புள்ளிகள் கோட்டைவிடச் செங்குத்தாக ஏறினால் கேள்வி மாடல் நினைத்ததைவிட நன்றாகப் பிரிக்கிறது. கை-வர்க்கம் இதையும் 'பொருந்தவில்லை' என்றே சொல்லும், கைடின் வழியில் போனால் உங்கள் தேர்வின் சிறந்த கேள்விகளைத்தான் முதலில் வெளியே போடுவீர்கள். புள்ளிகள் தட்டையாகப் படுத்திருந்தால் கேள்வி வேலை செய்யவில்லை. மேலே ஏற வேண்டிய இடத்தில் இறங்கினால் வேறெதையும் யோசிப்பதற்கு முன் விடைக்குறிப்பை எடுத்துப் பாருங்கள்.

விடைக்குறிப்புத் தவறு என்பது ஏதோ கத்துக்குட்டிகள் செய்யும் தப்பு என்று நினைக்க வேண்டாம். டிஎன்பிஎஸ்சி உத்தேச விடைக்குறிப்பை வெளியிட்டு ஆட்சேபம் கேட்பதே இதற்காகத்தான். 2024 நீட் இயற்பியலில் அணுக்கள் பற்றிய ஒரு கேள்விக்கு, பழைய பாடநூலில் ஒரு மாதிரியும் புதியதில் ஒரு மாதிரியும் இருக்கிறது என்று இரண்டு விடைகளுக்கு மதிப்பெண் கொடுத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போய், ஐஐடி டெல்லி நிபுணர்கள் ஒன்றுதான் சரி என்று சொல்ல, 720-க்கு 720 வாங்கிய 61 பேரில் 44 பேருக்கு அந்த இடம் போனது. இரண்டு விடை சரியாகத் தோன்றும் கேள்வியில் கெட்டிக்காரர்களே இரண்டாகப் பிரிந்து நிற்பார்கள், திறன் கூடினாலும் வளைகோடு மேலே போய் 1-ஐத் தொடாமல் நடுவிலேயே தட்டையாகிவிடும். உங்கள் 17-இல் அப்படி ஒன்று இருந்தால் வரைபடத்திலேயே மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு தவறான விடையையும் எந்தத் திறனுள்ளவர்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்றும் பாருங்கள். மேல்மட்ட மாணவர்கள் ஒரே தவறான விடைக்குப் போயிருந்தால் அந்த விடை தவறா என்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

அடுத்தது கேள்விகளுக்கு இடையிலான ஒட்டு. கணக்குத் தேர்வில் இது எப்படி வரும் என்றால், 'ஒரு செவ்வகத்தின் நீளம் அகலத்தைவிட 3 செ.மீ. அதிகம், சுற்றளவு 26 செ.மீ.' என்று ஒரு விவரம் கொடுத்து 21-ஆவது கேள்வியில் அகலம், 22-இல் பரப்பளவு, 23-இல் சுற்றிலும் வேலி போட ஆகும் செலவு என்று கேட்பார்கள். அகலம் 5 என்று கண்டவர் பரப்பளவு 40 என்று கண்டுவிடுவார், அகலத்தில் தடுக்கியவர் அடுத்ததிலும் விழுவார். திறன் அதே அளவு உள்ள இரண்டு மாணவர்களில் ஒருவர் மூன்றையும் வாங்குகிறார், இன்னொருவர் மூன்றையும் விடுகிறார். மாடலுக்கோ அவை மூன்று தனித்தனி சாட்சிகள். இதைக் கண்டுபிடிக்க யென் 1984-இல் கொடுத்த கியூ3 போதும்: திறனைக் கழித்த பிறகு மிச்சமிருக்கும் எச்சங்களுக்கு இடையிலான ஒட்டுறவு. 40 கேள்வித் தேர்வில் ஒட்டே இல்லாவிட்டாலும் இதன் சராசரி பூஜ்யமாக இருக்காது, −1/39, அதாவது −0.026 அளவில் இருக்கும், அதனால் ஒப்பிடுவதை அங்கிருந்து தொடங்குங்கள். 0.2-ஐத் தாண்டும் ஜோடிகளைக் குறித்துக்கொண்டு கேள்வித்தாளைத் திறந்து படியுங்கள். ஒட்டு இருந்தால் அந்த மூன்றையும் சேர்த்து 0 முதல் 3 வரை மதிப்பெண் உள்ள ஒரே கேள்வியாக வைத்து, பகுதி மதிப்பெண் மாடலில் போடலாம். ஒன்றையும் எடுக்க வேண்டியதில்லை. இதைக் கவனிக்காமல் விட்டால் நம்பகத்தன்மை நிஜத்தைவிட அதிகமாகவும் திட்டப் பிழை (திறன் கணிப்பு எவ்வளவு தள்ளாடலாம் என்ற அளவு) குறைவாகவும் வரும், அதாவது தேர்வு பொய்த் தெம்போடு பேசும்.

கடைசிக் கேள்விகளையும் தனியாகப் பாருங்கள். 36-இலிருந்து 40 வரை ஒன்றோடொன்று கியூ3-இல் ஒட்டிக்கொண்டு வந்தால் பாடத்தில் காரணம் தேடாதீர்கள், மணி அடித்திருக்கும். எட்டாமல் விட்ட கேள்விக்கு 0 போட்டிருக்கிறீர்களா, விடுபட்டது என்று போட்டிருக்கிறீர்களா என்பதைப் பொறுத்து அந்தக் கேள்விகளின் கடினமே மாறிவிடும்.

ஒட்டுமொத்தத் தேர்வுக்கும் ஒரு எண் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். பாடநூலில் உள்ள பியர்சன் கை-வர்க்கத்தை விடைக்கோலங்களின் (எந்தெந்தக் கேள்வி சரி, எது தப்பு என்ற வரிசைகளின்) மேல் போடலாமே என்று தோன்றும். எல்சாட்டின் 5 கேள்விகளுக்கு 32 கோலங்கள்தான், 1000 பேரில் 30 கோலங்கள் வந்துவிட்டன, அங்கே ஓரளவு நடக்கும். உங்கள் 40 கேள்விகளுக்குச் சாத்தியமான கோலங்கள் ஒரு லட்சத்து ஒன்பதாயிரம் கோடிக்கு மேல். 800 பேர் அதில் எந்த மூலைக்கு? பெட்டி எல்லாம் காலி, அந்தக் கை-வர்க்கத்துக்கு அர்த்தமே கிடையாது. இதற்காகத்தான் ஆல்பெர்டோ மைதேயு-ஒலிவாரெஸும் ஹாரி ஜோவும் 2005 வாக்கில் எம்2 என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், அது தனிக் கேள்விகளின் விகிதங்களையும் இரண்டிரண்டு கேள்விகளின் கூட்டு விகிதங்களையும் மட்டும் பார்க்கும். 40 தனிகள், 780 ஜோடிகள், மொத்தம் 820 எண்கள், 800 பேரை வைத்து இதைத் தாராளமாகச் சோதிக்கலாம். அதிலிருந்து வரும் ஆர்எம்எஸ்இஏ (பிசகின் அளவைக் காட்டும் எண்) 0.05-க்குக் கீழே இருந்தால் நெருங்கிய பொருத்தம் என்று எழுதலாம். ராஷா, இரு-அளவுருவா என்று ஒப்பிட ஏஐசி, பிஐசி. ஆனால் அவை இரண்டில் எது மேல் என்றுதான் சொல்லும், இரண்டுமே மோசம் என்றால் வாய் திறக்காது.

இனி, பிசகு முடிவை மாற்றுமா என்ற கேள்வி. இதற்கு உலகம் பார்த்த வழக்கு பீசா, பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி அமைப்பு 15 வயது மாணவர்களுக்கு நடத்தும் சர்வதேசத் தேர்வு. 2000 முதல் 2012 வரை அந்தத் தேர்வு ராஷ் குடும்பத்து மாடலில்தான் மதிப்பிடப்பட்டது. கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஸ்வென்ட் கிரைனர் 2006-ஆம் ஆண்டு வாசிப்புத் தரவை எடுத்து, கேள்விகள் மாடலுக்குப் பொருந்தவில்லை, ஒரே கேள்வி நாட்டுக்கு நாடு வேறு கடினமாக இருக்கிறது என்று காட்டினார், கார்ல் பாங் கிறிஸ்டென்சனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை 2014-இல் சைக்கோமெட்ரிகா ஆய்விதழில் வந்தது. பொருந்தவில்லை என்பதோடு அவர் நிற்கவில்லை. கேள்விகளின் வெவ்வேறு உட்தொகுப்பை வைத்துக் கணக்கிட்டால் டென்மார்க் 5-ஆம் இடத்திலிருந்து 37-ஆம் இடம் வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கலாம் என்று காட்டினார். பீசா தரப்பு அதை ஒத்துக்கொள்ளவில்லை. யார் சொன்னது சரி என்பதைவிட, அவர் வாதத்தை வைத்த விதத்தைக் கவனியுங்கள்: 'பி மதிப்பு குறைவு' என்று சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள். 2015-இல் பீசா இரு-அளவுரு வகைக்கு மாறியது, கேள்விப் பொருத்தத்துக்கு ஆர்எம்எஸ்டி என்ற அளவை வைத்தது. நிஜ வளைகோட்டுக்கும் மாடல் வளைகோட்டுக்கும் உள்ள தூரத்தின் சராசரி அது, 0.12-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டியது. தாண்டிய கேள்வியையும் உடனே தூக்குவதில்லை, அந்த நாட்டுக்கு அல்லது மொழிக்கு மட்டும் அந்தக் கேள்விக்குத் தனி அளவுரு கொடுத்துவிட்டு மற்றவர்களுக்குப் பொதுவானதையே வைத்துக்கொள்கிறார்கள். உங்களுக்கும் இந்த வழி திறந்திருக்கிறது.

இதில் நமக்கும் ஒரு பங்கு உண்டு. தமிழ்நாடும் இமாச்சலப் பிரதேசமும் 2009 பீசாவின் நீட்டிப்பில் கலந்துகொண்டன, 2011 டிசம்பரில் முடிவு வந்தபோது இரண்டும் பட்டியலின் அடியில் இருந்தன. கேள்விகள் நம் பிள்ளைகளின் சூழலுக்கு அந்நியமானவை என்று சொல்லி இந்தியா அடுத்த சுற்றுகளிலிருந்து விலகிக்கொண்டது. 'அந்நியமான கேள்வி' என்பது சோதிக்கக்கூடிய ஒரு வாதம், அதே திறனுள்ள வேறு நாட்டு மாணவரைவிட இங்குள்ளவருக்கு எந்தெந்தக் கேள்வி மட்டும் கூடுதல் கடினம் என்று பார்த்தால் தெரிந்துவிடும், மாடல் பொருத்தத்தின் ஒரு கிளைதான் அது. ஆனால் வாசிப்பில் தமிழ்நாட்டுக்கு 337, ஓஇசிடி சராசரி 493. கிரைனரின் வாதம் நாடுகள் நெருக்கியடித்து நிற்கும் நடுப்பகுதியில் செல்லும். 150 புள்ளிக்கும் மேலான இடைவெளியைச் சில கேள்விகளின் பிசகால் விளக்க முடியும் என்று நான் நம்பவில்லை. அளவு பிசகியிருக்கலாம், முடிவு மாறியிருக்காது.

உங்கள் தேர்வுக்கும் இதையே செய்யுங்கள். வரைபடம், கியூ3, விடைக்குறிப்பு எல்லாம் பார்த்த பிறகு நிஜமாகவே பழுது என்று நான்கோ ஐந்தோ தேறும். ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள், 'பி மதிப்பு' என்பது காரணம் ஆகாது. பிறகு மாணவர்களின் திறனை அந்தக் கேள்விகளோடு ஒருமுறையும் இல்லாமல் ஒருமுறையும் கணித்துப் பாருங்கள். இரண்டுக்கும் ஒட்டுறவு 0.98 என்று வரும், அதைப் பார்த்து நிம்மதியாகப் படுத்துவிடாதீர்கள், 40-இல் 35 கேள்விகள் பொதுவாக இருக்கும்போது அது எப்போதுமே அப்படித்தான் வரும். உங்கள் ஆய்வில் இந்த மதிப்பெண்ணை வைத்துத் 'துணைப் பயிற்சி தேவை' என்று ஒரு கோடு போடுகிறீர்கள் அல்லவா, அந்தக் கோட்டை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் தாண்டியவர்கள் 800-இல் எத்தனை பேர், அவர்கள் எந்தப் பள்ளி, எந்தப் பாலினம் என்று எண்ணுங்கள். ஏழெட்டுப் பேர் பரவலாகத் தாண்டியிருந்தால் திட்டப் பிழைக்குள் அடங்கிவிடும், அப்படியே எழுதிவிடலாம். எழுபது பேர், அதிலும் பெரும்பகுதி ஒரே பள்ளியிலிருந்து என்றால் அந்தப் பள்ளியில் அந்தப் பாடத்தை நடத்திவிட்டார்களா என்று முதலில் விசாரியுங்கள், மாடலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

வைவாவில் 'பொருந்தாத கேள்வியை ஏன் வைத்திருக்கிறீர்கள்' என்று கண்டிப்பாகக் கேட்பார்கள். அந்தக் கேள்வியின் வளைகோட்டையும், எடுத்தால் மாறும் மாணவர் எண்ணிக்கையையும் ஒரே பக்கத்தில் அச்சிட்டுக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைடிடமும் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் காட்டுங்கள்.